பின்படிக்கட்டில் முறிந்த மணிக்கட்டு

எலும்பைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை. நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, வெயில் விழுகிற சிமெண்டுத் தரை ஒன்று உண்டு. அங்கே ஆறு வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு எலும்பு வகுப்பு நடத்திவந்தேன். நாற்பத்தைந்து வயதில் தொடங்கி எழுபத்திரண்டு வரைக்கும் இருபத்திரண்டு பேர் வருவார்கள். கட்டணம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். ஒற்றைக் காலில் முப்பது எண்ணும் வரை நிற்க வேண்டும். எண்ணுகிற குரல் கம்மினால் நான் விடமாட்டேன். "சத்தம் பத்தல! இன்னொரு தரம்!" என்று கத்துவேன். அந்தக் கத்தல் கட்டடம் முழுக்கப் பிரசித்தம். குழந்தைகள்கூட என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிவிட்டு ஓடும்.

நோட்டீஸ் பலகையில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தினம் ஒரு டம்ளர் பால், இல்லாவிட்டால் தயிர். கீரை, எள், முட்டை, முள்ளோடு மென்று விழுங்கக்கூடிய சின்ன மீன். கையும் காலும் தெரிய வெயிலில் அரை மணி நேரம். லிஃப்டை மறந்துவிட்டுப் படி. உப்பும் காபியும் அளவோடு. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்: சிகரெட் எலும்பைத் தின்னும்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

எனக்குப் பால் பிடிக்காது. பிடிக்காது என்றால் சும்மா இல்லை, ஆடையைப் பார்த்தாலே குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் பால் குடிக்காத எலும்பு வாத்தியாரை யார் மதிப்பார்கள்? அதனால் மனைவி தினமும் விடிந்ததும் நீட்டுகிற டம்ளரைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். "படி ஏறிக்கிட்டே குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போவேன். எங்கள் வீடு நான்காம் மாடி. பின்பக்கம் ஒரு அவசரப் படிக்கட்டு இருக்கிறது. குப்பை கொட்டப் போகிறவர்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். நான்காவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு பூனை எனக்காகக் காத்திருக்கும். விளிம்பு உடைந்த ஒரு பீங்கான் தட்டில் பாலை அதற்கு ஊற்றுவேன். பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் செருகிவைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, நிம்மதியாக ஒரு சிகரெட். சில நாள் இரண்டு. சாம்பலும் துண்டும் டப்பாவுக்குள் போய்விடும். வாயில் இரண்டு கிராம்பு. இருபது நிமிடம் கழித்து, படி ஏறிக் களைத்தவனைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவேன். அந்த மூச்சுவாங்கல் நடிப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் படி ஏறாம ஒரு நாள் விடிஞ்சதில்ல" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையடிப்பாள். அந்தப் பூனை இரண்டாம் மாடி ஜன்னல் விளிம்பிலிருந்து குதித்து, ஒன்றும் ஆகாததைப் போல நடந்துபோகும். என் பாடத்தை ஒழுங்காகப் பின்பற்றிய ஒரே ஆள் அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு கையில் பால் டம்ளரும் இன்னொரு கையில் பற்றவைத்த சிகரெட்டுமாகக் குனிந்தபோது, மேலே ஏதோ ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மனைவியோ என்று பதறிவிட்டேன். சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனேன், பூனை காலுக்குள் புகுந்தது, ஒரு படி தவறியது. ஒரே ஒரு படி. உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டம்ளர் டங் டங் என்று படிகளில் இறங்கி எங்கோ போய் நின்றது. சிந்திய பாலைப் பூனை நிதானமாக நக்கியது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். குழந்தைகள் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அழக்கூட அழாது. நான் ஒரு படி சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் இருபத்திரண்டு பேர் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? அந்த நிலையிலும் நான் செய்த முதல் காரியம், இடது கையால் சிகரெட்டை டப்பாவுக்குள் நசுக்கி, மூடி, குழாய்க்குப் பின்னால் செருகியதுதான். ஒடிந்த கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்படி வழியாகவே கீழே இறங்கினேன். வண்டிகள் திரும்புகிற இடத்தில் ஒரு தூண் இருக்கிறது. அதன் அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பின்படியிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்னைக் கண்டெடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது.

முதலில் வந்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி. வகுப்பில் முன்வரிசை ஆள். என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்.

"ஐயையோ, என்ன சார் ஆச்சு?"

அந்த நேரம் பார்த்து வெளிவாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. நான் யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"சைக்கிள்... சைக்கிள் இடிச்சிட்டு போயிருச்சு."

யாருடைய சைக்கிள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாளும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் கட்டடத்துக்குள் வந்துபோகிற சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். பால்காரம்மாவுடையது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. பின்னால் பால் பாக்கெட் அடுக்கிய பெட்டி, முன்னால் இரண்டு பக்கமும் பை என்று பதினாறு வருடமாக எங்கள் எல்லார் வீட்டுக்கும் அவர்தான் பால் போடுகிறார். நான் பூனைக்கு ஊற்றிய பாலும் அவர் கொண்டுவந்ததுதான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்ன வயசுக்காரர். அவசரப்படாமல் பேசினார்.

"எப்படி விழுந்தீங்க?"

"சைக்கிள் மோதிருச்சு டாக்டர்."

"வேகமா வந்துச்சா?"

"நல்ல வேகம்."

"அப்ப சரி. சும்மா நின்ன எடத்துல விழுந்து இப்படி ஒடஞ்சிருந்தா எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். அந்த மாதிரி ஒடஞ்சா எலும்பு உள்ள இளைச்சுப் போயிருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு கை, நாளைக்கு இடுப்புன்னு போகும். மோதி விழுந்தா யாருக்கும் ஒடையும். சிகரெட் பழக்கம் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இவரா? நாலு பேர விட வச்சவரு டாக்டர். தெனம் ஒரு டம்ளர் பால், படி ஏறுறது, வெயில்ல நிக்கிறது. எலும்புன்னா இவருதான்."

"அதான் ஒரு கையோட போச்சு. இல்லன்னா என்ன ஆகியிருக்குமோ" என்று டாக்டர் சிரித்தார். ஸ்கேன் எழுதவில்லை. மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார். இடுப்பு என்று அவர் சொன்ன வார்த்தை மட்டும் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வைத்தியத்தை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒருவன் தன் எலும்பிடமே பொய் சொல்ல முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை செகரட்டரி ஒரு தாளோடு வந்தார். அவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"விட மாட்டேன் சார். இடிச்சிட்டு நிக்காம போறதுன்னா என்ன தைரியம்? ஞாயித்துக்கெழம வகுப்பு முடிஞ்சதும் கூட்டம். அந்தம்மாவ நிறுத்திட்டு வேற ஆள போட்டுடலாம்னு இருக்கோம். அதுவரைக்கும் சைக்கிள உள்ள விடக் கூடாதுன்னு வாசல்ல சொல்லிட்டேன். நீங்க இதுல ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"வேணாங்க. பாவம், போனாப் போவுது."

"இதான் சார் உங்ககிட்ட. ரொம்ப நல்லவரா இருக்கீங்க. நாளைக்கு ஒரு குழந்தைய இடிச்சா யாரு பதில் சொல்றது?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "வலது கையில கட்டு, எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?" என்று கேட்டாள். செகரட்டரி அதற்கும் தயாராக வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேட்டில் ஸ்டைலாகக் கையெழுத்துப் போட்ட நான், இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தேன். அவர் அந்தத் தாளைக் கொண்டுபோய் நோட்டீஸ் பலகையில், என் சிவப்பு மை வரிக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அந்த மை லேசில் போகவில்லை. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். ஒற்றைக் கையால் அதே கையைக் கழுவுவது எவ்வளவு கஷ்டம் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். போய்த் திறந்தேன். பால்காரம்மா நின்றிருந்தார். நான்கு மாடியும் கையில் பையைத் தூக்கிக்கொண்டே ஏறிவந்திருந்ததால் மூச்சு வாங்கியது. அது நடிப்பு இல்லை.

"கை எப்படி சார் இருக்கு?"

"பரவால்லம்மா."

அவர் வழக்கமாகப் போடுகிற பாக்கெட்டை நீட்டினார். அதோடு இன்னொன்றையும் சேர்த்து நீட்டினார்.

"இது எதுக்கு?"

"இது நம்ம வீட்டுக் கணக்குல சார். எலும்பு கூடணும்ல. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தெனம் ஒண்ணு சேத்துக் கொண்டாறேன். வேணாம்னு சொல்லாதீங்க."

நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மை இன்னும் இருந்தது. ஒரு கையில் கட்டு, ஒரு கை பின்னால். பாக்கெட்டை வாங்கிக்கொள்ள எனக்குக் கையே இல்லை. அவர் தயங்கிவிட்டு, குனிந்து, வாசலிலேயே வைத்தார். நிமிரும்போது கண் கலங்கியிருந்தது.

"நான் இடிக்கலன்னுதான் சார் மொதல்ல நெனச்சேன். செகரட்டரி சார் கத்துறப்பகூட இல்லவே இல்லன்னு சொன்னேன். அப்புறம் வீட்டுல போய் யோசிச்சேன். எனக்கு எடது கண்ணு கொஞ்சம் மங்கல் சார். அன்னிக்கு அந்தத் தூண்கிட்ட திரும்புறப்ப பை எதுலயோ உரசுன மாதிரி இருந்துச்சு. தூணுதான்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். அது நீங்கன்னு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திரும்பிப் பாக்காமப் போயிட்டேனே சார். எனக்கு வெக்கமா இருக்கு. சைக்கிளத் தொடவே மனசு வரல. வித்துடும்மான்னு மகன் சொல்றான். அதான் சரின்னு படுது."

என் வெட்கத்தை அந்தம்மா சுமந்துகொண்டு நின்றார். செய்யாத தப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு கண்ணையும் ஒரு தூணையும் சாட்சி வைத்து, தானே தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டார். இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. மனைவி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா, பாத்துப் போங்க" என்றேன். சரிம்மா! ஏதோ பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டவனைப் போல. அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கு அந்த இரண்டாவது பாக்கெட்டை மனைவி காய்ச்சிக்கொண்டு வந்தாள். "எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு செவ்வாக்கெழமைலேருந்து காணோம், நீங்க எங்கயாச்சும் வச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வேறொரு டம்ளரில் ஊற்றினாள். கையில் கட்டோடு படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் தப்பிக்க வழியில்லை. அவள் பார்க்க உட்கார்ந்து முழுசும் குடித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் குமட்டியது. பால் மட்டும் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கட்டுப் போட்ட கையோடு நான் வந்து நின்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். வகுப்புக்கு வருகிற தையல் டீச்சர்தான் அன்றைக்கு எனக்குப் பதிலாக எண்ணினார். குதிகால்கள் ஏறி இறங்கின. நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்தில் பால்காரம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். வரச் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தார். சைக்கிள் வாசலுக்கு வெளியே நின்றது. வகுப்பு முடிந்ததும் செகரட்டரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார். அதன் அடியில் என் விரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது.

"செகரட்டரி, ஒரு நிமிஷம்" என்றேன். "என்னை யாரும் இடிக்கல. நானா விழுந்தேன்."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு செகரட்டரியின் முகம் உருகியது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் சொன்னேன். அந்தம்மா பொழப்பு போயிடக் கூடாதுன்னு பழிய தன் மேல போட்டுக்குறாரு."

"இல்லங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

"சார், உங்க மனசு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் தையல் டீச்சர். பின்வரிசையில் யாரோ மறுபடியும் கை தட்டினார்கள். பால்காரம்மாவோ என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

பொய் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் நம்ப மறுத்தார்கள். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இத்தனை வருடம் இவர்களிடம் நான் கட்டிவைத்த பெயர் இப்போது என்னையே பேசவிடாமல் செய்தது. "எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்றேன். பழைய டிரில் மாஸ்டர் குரல். இருபத்திரண்டு பேரும் வரிசையாக வந்தார்கள். என் மனைவியும் வந்தாள்.

பின்படிக்கட்டில் ஏறினோம். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் நின்றேன். குழாய்க்குப் பின்னால் கையை விட்டு பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். இடது கையால் மூடியைத் திறக்க வரவில்லை. செகரட்டரியிடம் நீட்டினேன். அவர் திறந்தார். முகத்தைச் சுளித்தார். படியில் கவிழ்க்கச் சொன்னேன். ஒரு மாதத்துக்கான துண்டுகள் கொட்டின. அந்த இடம் முழுக்க நாற்றம் பரவியது.

"தெனம் இங்கதான் உக்காருவேன். படி ஏறுறேன்னு சொல்லிட்டு வந்து உக்காருவேன். செவ்வாக்கெழமையும் இங்கதான் இருந்தேன். இந்தப் படியிலேருந்து அந்தப் படிக்கு விழுந்தேன். அவ்வளவுதான் தூரம்."

என் குரல் கேட்டதாலோ என்னவோ, கீழேயிருந்து பூனை ஓடிவந்தது. இத்தனை பேரைப் பார்த்தும் பயப்படவில்லை. நேராக என் காலில் வந்து உரசிவிட்டு, உடைந்த தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு தரம் கத்தியது. நேரமாகிவிட்டதே என்று கேட்கிற கத்தல். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கீழே நான்கு படி இறங்கினாள். சுவரோரம் கிடந்த எதையோ குனிந்து எடுத்தாள். எவர்சில்வர் டம்ளர். விளிம்பு நசுங்கியிருந்தது. உள்ளே காய்ந்த பாலில் எறும்புகள் ஊர்ந்தன. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா?" என்று கேட்டாள்.

"ம்."

"டாக்டர் கேட்டப்ப நான்தானே பதில் சொன்னேன். நான்தானே."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டம்ளரைச் சேலையில் சுற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் கீழே இறங்கிப் போனாள். தெரியாமல் ஆறு வருடம் எனக்காக அவள் சொன்ன பொய்கள் எல்லாம் அந்தச் சேலைக்குள் இருந்தன. எனக்குத் தலை நிமிரவில்லை.

பால்காரம்மா நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கூட வரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் போய் அவர் முன்னால் நின்றேன். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"நீங்க என்னை இடிக்கலம்மா."

என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன சார்?"

"நீங்க இடிக்கல. நான் பின்படியில சிகரெட் பிடிக்கப் போய் விழுந்தேன். வெக்கப்பட்டுக்கிட்டு சைக்கிள்னு சொல்லிட்டேன்."

அவர் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. "அப்ப அன்னிக்கு உரசினது?"

"தூண்தாம்மா. வெறும் தூண்."

"நீங்க அந்த எடத்துலயே இல்லயா?"

"இல்ல."

அவருடைய கையிலிருந்த காலிப் பை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மெல்ல இறுகியது.

"அஞ்சு நாளா நான் தூங்கல சார்" என்றார். "வெள்ளிக்கெழம உங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சரிம்மான்னு சொன்னீங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தள்ளி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, பதினாறு வருடமாகக் காலையில் அந்த வழியாகப் போய்வந்தவர், நான் கத்துவதைத் தினமும் கேட்டவர், மெதுவாகச் சொன்னார்:

"சத்தம் பத்தல சார். இன்னொரு தரம்."

யாரும் சிரிக்கவில்லை. "நீங்க இடிக்கல" என்றேன்.

"இன்னொரு தரம்."

"நீங்க என்னை இடிக்கல!"

பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் காவலுக்கு இருந்தவர் எழுந்து நின்றார். மூன்றாவது தரம் அவர் கேட்கவில்லை. நானாகவே கத்தினேன். தொண்டை கிழிந்தது. பிறகு பலகைக்குப் போய் இடது கையால் என் சிவப்பு மைத் தாளைக் கிழிக்கப் போனேன். "அது இருக்கட்டும் சார்" என்று பால்காரம்மா தடுத்தார். "அதுல எழுதியிருக்கிறது சரிதானே." புகார்த் தாளைச் செகரட்டரி தானாகவே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை மனைவி வாயைத் திறக்கவில்லை. நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்கேன் எழுதினார். முடிவு வந்தபோது, என் முதுகெலும்பும் இடுப்பும் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவனுடையதைப் போல இருப்பதாகச் சொன்னார். மாத்திரை, பால், நடை, வெயில் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சிகரெட் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்றார். எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் தடவையாகக் கேட்டுக்கொள்கிறவனைப் போலக் கேட்டேன்.

இப்போது வகுப்பைத் தையல் டீச்சர் நடத்துகிறார். நான் கடைசி வரிசையில் நிற்கிறேன். விசில் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. காலையில் நசுங்கிய டம்ளரில்தான் மனைவி பால் தருகிறாள். வேறு டம்ளர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சமையலறையிலேயே நின்று குடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். பூனை தினமும் பின்படியில் கத்துகிறது. அதற்குத் தனியாக ஒரு பாக்கெட் வாங்குகிறேன், மனைவி பார்க்க ஊற்றுகிறேன்.

பால்காரம்மாவின் சைக்கிள் மறுபடியும் உள்ளே வருகிறது. செகரட்டரி நேரில் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்துவந்தார். ஆனால் அந்தத் தூண் வந்ததும் அவர் இறங்கிவிடுகிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டே திருப்பத்தைக் கடந்து, அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி ஏறுகிறார். ஒரு நாள் நான் பக்கத்தில் போய், "தூண்தாம்மா அது, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்குது."

இன்றைக்குக் காலையிலும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார்.